பாக் என்றால் பாகிஸ்தான் இல்லை!

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தி.நகரில் ஏதாவது ஒரு டி.என்.பி.எஸ்.சி. கோச்சிங் சென்டர் வாசலில் நின்று, வெளியே வருபவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "பாக் ஜலசந்தி எங்கே இருக்கிறது?" டக்கென்று பதில் வரும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவில். ஒரு மார்க். அடுத்த கேள்வி: "அந்த 'பாக்' யார்?"

இங்கேதான் சுவாரஸ்யம். சிலர் தலையைச் சொறிவார்கள். சிலர் "பாகிஸ்தானா?" என்று இழுப்பார்கள்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. 'பாக். பிரதமர்', 'பாக். எல்லை', 'இந்தியா-பாக். கிரிக்கெட்' என்று பத்திரிகைகள் பழக்கி வைத்த எழுத்து அது. ஒரு புள்ளிதான் வித்தியாசம். இலங்கைத் தமிழில் இன்னும் ஒரு படி மேலே போய் 'பாக்கு நீரிணை' என்றே எழுதுகிறார்கள். கூட வெற்றிலை வைக்காததுதான் பாக்கி!

இன்னொரு வேடிக்கை. 'ஜலசந்தி' வடமொழியாயிற்றே என்று நம் பாடப்புத்தகக்காரர்கள் அதை 'நீரிணை' ஆக்கிவிட்டார்கள். நல்ல சொல்தான். ஆனால் அதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரர் மேல் யாரும் கை வைக்கவில்லை. பின்பாதி தமிழானது, முன்பாதி அப்படியே இருக்கிறது. அது யார் என்று ஒரு வரி விளக்கமாவது போட்டார்களா? தேடிப் பாருங்கள்.

தெரு மாறியது, கடல் மாறவில்லை

சென்னைக்குப் பெயர் மாற்றுவதில் அலுப்பே கிடையாது. மவுண்ட் ரோடு அண்ணா சாலை ஆனது. மயிலாப்பூர் எட்வர்ட் எலியட்ஸ் ரோடு டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை ஆனது. மௌப்ரேஸ் ரோடு டி.டி.கே. சாலை, லாயிட்ஸ் ரோடு அவ்வை சண்முகம் சாலை. கடைசியில் 1996ல் மெட்ராஸே சென்னை ஆகிவிட்டது. தி.நகருக்கு அந்தக் கஷ்டமே இல்லை. தியாகராயர், பனகல் அரசர், சௌந்தரபாண்டியனார் என்று பிறக்கும்போதே நீதிக்கட்சிக்காரர்களின் பெயரோடு பிறந்த பேட்டை. (சௌந்தரபாண்டியனார் அங்காடியைப் 'பாண்டி பஜார்' ஆக்கி, அவர் யார் என்பதையே மறந்தது தனிக்கதை.)

ஆக, ஒரு சந்து விடாமல் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து மாற்றிய ஊர் இது. ஆனால் தமிழ் பேசும் இரண்டு கரைகளுக்கு நடுவில் கிடக்கும் கடலின் பெயர் யாருடையது என்று மட்டும் கேட்டதே இல்லை. ஏன்? தெருவில் சென்னைக்காரர் நடக்கிறார். அந்தக் கடலில் நடக்கிற எதுவும் அவர் காலில் தட்டுவதில்லை.

சரி, யார் இந்த பாக்?

ராபர்ட் பாக். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் 1717ல் பிறந்தவர். மாலுமி அல்ல, தளபதியும் அல்ல, பாதிரியார்! 1740களின் இறுதியில் அட்மிரல் பாஸ்கவனின் கப்பற்படையோடு மதகுருவாக இந்தியா வந்தார். பாஸ்கவன் என்றால் மயிலாப்பூர்க்காரர்களுக்குச் சம்பந்தமுள்ள ஆள். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து மெட்ராஸ் திரும்பக் கிடைத்த 1749ல், சாந்தோமையும் ஆங்கிலேயர் கைக்குள் கொண்டுவந்தவர் அவர்தான்.

பைபிளோடு வந்த பாக் கணக்குப் புத்தகத்துக்கு மாறினார். 1754ல் சதுரங்கப்பட்டினத்தில் பிரெஞ்சுக்காரர்களோடு சமாதானப் பேச்சு நடந்தபோது கம்பெனி அனுப்பிய இருவரில் அவர் ஒருவர். 1763 முதல் 1767 வரை புனித ஜார்ஜ் கோட்டையில் ஆளுநர். நிஜாமோடு 1766ல் ஒப்பந்தம் போட்டு வடசர்க்கார் மாவட்டங்களைக் கம்பெனிக்கு உறுதிப்படுத்தியது அவர் காலத்தில்தான். பிறகு பெரும் பணக்காரராக ஊர் திரும்பி, எஸ்டேட் வாங்கி, பாராளுமன்ற உறுப்பினராகி, 1782ல் பேரனட் பட்டமும் பெற்று, 1798ல் போய்ச் சேர்ந்தார்.

இவருக்கும் கோடியக்கரைக்கும் என்ன சம்பந்தம்? ஜேம்ஸ் ரென்னல் என்ற இளைஞர், பிற்காலத்தில் வங்காளத்தின் சர்வேயர் ஜெனரல் ஆனவர், 1763-64 வாக்கில் மெட்ராஸிலிருந்து கம்பெனி வேலையாகப் போய் இந்தக் கடலையும் பாம்பன் கால்வாயையும் அளந்தார். அந்தச் சமயத்தில் கோட்டை நாற்காலியில் இருந்தவர் பாக். வரைபடத்தில் அவர் பெயர் ஏறிவிட்டது. அவ்வளவுதான் சம்பந்தம்!

வேறு நீரிணைகளைப் பாருங்கள். வடக்கே ஆசியாவையும் அமெரிக்காவையும் பிரிக்கும் பேரிங் நீரிணை, 1728ல் பனியிலும் மூடுபனியிலும் அந்த வழியே கப்பல் ஓட்டிய விட்டஸ் பேரிங்கின் பெயரில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்கும் டாஸ்மேனியாவுக்கும் நடுவில் இருப்பது, 1798ல் அங்கே போன ஜார்ஜ் பாஸின் பெயரில். சரியோ தப்போ, அவர்கள் அந்தத் தண்ணீரில் நனைந்தவர்கள். நம் நீரிணைக்கோ மேலதிகாரியின் பெயர். இன்றைக்கு அரசுத் திட்டங்களுக்கெல்லாம் ஆள்பவர் பெயர் வைக்கும் பழக்கம் திடீரென்று முளைத்ததில்லை போலிருக்கிறது.

உடனே மாற்று!

இவ்வளவு படித்ததும் ரத்தம் கொதித்து, "மாற்று பெயரை! சோழர் கடல் என்று வை! ராஜேந்திரன் நீரிணை என்று வை!" என்று கிளம்பத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அது இன்னொரு ஏமாற்று வேலை.

சோழர் படை இந்தக் கடலைக் கடந்தது உண்மை. 993 வாக்கில் ராஜராஜன் படை ஈழத்தின் வடபகுதியைப் பிடித்தது. 1017 வாக்கில் ராஜேந்திரன் காலத்தில் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டார். ஆனால் அக்கரையில் இருப்பவர்களுக்கு அது என்ன கதை? 1070 வாக்கில் சோழரை விரட்டிய விஜயபாகு அங்கே வீரன். ஒரு கரை கொண்டாடும் வெற்றியை இரண்டு கரைக்கும் பொதுவான தண்ணீருக்குப் பெயராக வைப்பது, பாக் பெயரை வைத்ததைவிட எந்த விதத்தில் உயர்ந்தது? பாக்காவது யாரையும் சிறைபிடித்துக் கொண்டுவரவில்லை.

அதற்குப் பிறகு வந்த கப்பற்படைகளையும் வரிசையாகப் பாருங்கள். 1538ல் மண்டபத்துக்குப் பக்கத்து வேதாளையில் போர்த்துகீசியர்களும் கோழிக்கோடு சாமூதிரியின் மரைக்காயர் படையும் மோதின. போர்த்துகீசியர் வென்றனர். 1560ல் மன்னார் அவர்கள் கையில், 1619ல் யாழ்ப்பாணம். 1658ல் டச்சுக்காரர்கள் மன்னார், யாழ்ப்பாணம், நாகப்பட்டினம் மூன்றையும் தட்டிப் பறித்தனர். 1781ல் நாகப்பட்டினம் ஆங்கிலேயரிடம் போனது. 1782ல் பிரெஞ்சு சஃப்ரனும் ஆங்கிலேய ஹியூஸும் ஒரே வருஷத்தில் நான்கு முறை மோதிக்கொண்டனர். சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே, இலங்கைக் கரையில், நாகப்பட்டினத்துக்கு எதிரே, திருகோணமலையில்.

இந்தக் கடைசிப் பட்டியலில் ஒன்றைக் கவனித்தீர்களா? நான்கு சண்டையில் ஒன்றுகூட நீரிணைக்குள் நடக்கவில்லை. நடந்திருக்கவும் முடியாது. உள்ளே பாக் விரிகுடாவில் பல இடங்களில் பத்துப் பதினைந்து மீட்டர் ஆழம்கூடத் தேறாது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் இருக்கும் மணல் திட்டுகளில் ஒன்றிரண்டு மீட்டரே பெரிய விஷயம். பீரங்கி ஏற்றிய பெரிய போர்க்கப்பல்கள் அங்கே போனால் தரை தட்டும். அதனால் எல்லோரும் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். இன்றைக்கும் தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு வரும் பெரிய கப்பல் சுற்றிக்கொண்டுதான் வருகிறது.

அதாவது, பாக் தன் பெயரைக் கொடுத்தது தன் படையின் பெரிய கப்பல்கள் நுழையவே முடியாத கடலுக்கு. இதைவிட நக்கல் வேறென்ன வேண்டும்?

இந்த ஆழமில்லாத கடல் காலம் காலமாக யாருடையது? கட்டுமரம், வள்ளம், வத்தை, தோணி ஓட்டியவர்களுடையது. சங்கு குளித்தவர்களுடையது. நெல்லும் கருவாடும் ஓடும் ஏற்றிப் போனவர்களுடையது. கப்பற்படை வரலாறு என்று எழுதினால் இவர்கள் ஒரு வரிகூட வரமாட்டார்கள். ஏனென்றால் இவர்கள் யாரையும் ஜெயிக்கவில்லை. பிழைப்பு நடத்தினார்கள், அவ்வளவுதான்.

பெயர்ச் சண்டையில் மூழ்கிய கால்வாய்

பெயருக்காக மட்டும் அடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குத் தூரத்து உதாரணம் எதுவும் தேவையில்லை. சேது சமுத்திரம் இருக்கிறது. மணல் திட்டை வெட்டிக் கப்பல் விடலாம் என்று 1860ல் டெய்லர் என்ற கடற்படை அதிகாரி சொன்னது முதல் எத்தனையோ கமிட்டிகள். கடைசியில் 2005 ஜூலை 2ஆம் தேதி மதுரையில் பிரதமர் மன்மோகன் சிங் துவக்கி வைத்தார். 167 கிலோமீட்டர் கால்வாய், 2,427 கோடி ரூபாய் மதிப்பீடு.

பிறகு நடந்த கூத்து எல்லோருக்கும் தெரியும். அது ராமர் பாலமா, ஆதம் பாலமா, வெறும் மணல் திட்டா? மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு பதில், தேனாம்பேட்டையில் ஒரு பதில். 2007ல் திட்டைச் சேதப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. தோண்டிய மண்ணை எங்கே கொட்டுவார்கள், கலங்கிய தண்ணீரில் மீன் நிற்குமா, வெட்டிய இடம் திரும்பத் தூர்ந்தால் வருஷா வருஷம் யார் காசில் தூர் வாருவது? மீனவர்களும் சுற்றுச்சூழல்காரர்களும் கேட்ட இந்தக் கேள்விகள் எல்லாம் பெயர்ச் சண்டையின் சத்தத்தில் அமுங்கிப் போயின. கட்டியவர் யார் என்று விவாதித்தவர்கள் ஆயிரம் பேர். அங்கே வலை போடுபவர் யார் என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

கோட்டையில் போட்ட கோடு

கம்பெனிக் காலத்தில் வரைபடத்தில் பெயர் வைத்தார்கள் என்றால், 1974 ஜூனில் டில்லியும் கொழும்பும் அதே வரைபடத்தில் கோடு போட்டன. கச்சத்தீவு கோட்டுக்கு அந்தப் பக்கம் போனது. மொத்தமே 285 ஏக்கர். குடிதண்ணீர் இல்லை, ஒரு அந்தோணியார் கோயில் இருக்கிறது. 1976ல் அடுத்த ஒப்பந்தமும் கடிதப் பரிமாற்றமும் வந்தன. ஒருவர் கடலில் மற்றவர் மீன் பிடிக்கக் கூடாது என்று முடிந்தது. தலைமுறை தலைமுறையாக இரண்டு பக்கமும் போய்வந்தவர்களை யாரும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சென்னை என்ன செய்தது? தீர்மானம் போட்டது. 1974ல் சட்டசபையில் தீர்மானம். 1991ல் தீர்மானம். 2008ல் ஜெயலலிதா உச்ச நீதிமன்றம் போனார். 2025 ஏப்ரல் 2ஆம் தேதி மறுபடியும் தீர்மானம். எல்லாத் தீர்மானமும் நிறைவேறிய இடம் எது தெரியுமா? அதே புனித ஜார்ஜ் கோட்டை. பாக் உட்கார்ந்திருந்த கோட்டை. ஆட்கள் மாறினார்கள், மொழி மாறியது. அங்கிருந்தபடியே அந்தக் கடலைக் காகிதத்தில் பார்க்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

சொல்லக் கூடாத விஷயம்

இப்போது சென்னை மேடைகளில் யாரும் சொல்ல விரும்பாத விஷயத்துக்கு வருவோம்.

தமிழக மீனவர்கள் சுடப்பட்டார்கள். பலர் செத்தார்கள். இன்றைக்கும் கைதாகிறார்கள், படகு பறிபோகிறது. எல்லை தாண்டியதற்குத் தண்டனை துப்பாக்கிக் குண்டு இல்லை. இதில் இரண்டாவது பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் கோட்டுக்கு அந்தப் பக்கம் வலை போடுபவர் யார்? யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இருக்கும் தமிழர்தான். போர்க்காலம் முழுக்க அவர்களைக் கடலில் இறங்கவிடாமல் தடையும் பாஸும் போட்டு வைத்திருந்தது இலங்கை அரசு. 2009க்குப் பிறகு ஊர் திரும்பி, கடன் வாங்கி, சின்னப் படகும் வலையும் வாங்கிக் கடலுக்குப் போனால், ராத்திரியில் விசைப்படகுகள் வந்து அடிமடியைப் போட்டு இழுக்கின்றன. கடலின் தரையையே வழித்துக்கொண்டு போகும் மடி அது. குஞ்சு, முட்டை, கடல்பாசி, எதுவும் தப்பாது. போகிற போக்கில் அவர்கள் விரித்து வைத்த வலையையும் அறுத்துக்கொண்டு போகும். அந்த விசைப்படகுகள் எந்தக் கரையிலிருந்து போகின்றன?

அடிமடி இழுவையை இலங்கை 2017ல் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. இந்தப் பக்கம் 1983லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது. அதற்கு வெளியே கொஞ்ச தூரம் போனால் சர்வதேசக் கோடு. நடுவில் இருக்கும் துண்டுக் கடல் இத்தனை படகுக்குப் போதாது. இருந்ததையும் வழித்தாயிற்று. அதனால் கோட்டைத் தாண்டுகிறார்கள். இது வீரமும் இல்லை, துரோகமும் இல்லை, வெறும் கணக்கு. இதில் அடிபடுவது யாழ்ப்பாணத்தார் மட்டுமா? ராமேஸ்வரத்து நாட்டுப்படகுக்காரர்களும்தான். விசைப்படகு ஒரு நாள், நாட்டுப்படகு ஒரு நாள் என்று முறை வைத்துக் கடலுக்குப் போகும் நிலைமை சும்மா வந்ததா? கைதாகிச் சிறையில் உட்காருபவர்களில் பலர் படகுக்குச் சொந்தக்காரர்கூட இல்லை, கூலிக்குப் போனவர்.

'தொப்புள்கொடி உறவு' என்று மெரினாவில் முழங்குவது சுலபம். அந்த உறவுக்காரர் வலையை அறுக்காதே என்று ராமேஸ்வரம் ஜெட்டியில் போய்ச் சொல்வது கஷ்டம். முன்னதில் கைதட்டல் கிடைக்கும், பின்னதில் ஓட்டு போகும். அதனால்தான் கச்சத்தீவை மீட்போம் என்பார்கள். கச்சத்தீவு நாளைக்கே திரும்பி வந்தாலும், அடிமடி இருக்கும் வரை அந்தக் கடலும் சீக்கிரம் காலியாகும். பிறகு எந்தத் தீவை மீட்பது?

பெயர் அப்படியே இருக்கட்டும்

ஆகவே பாக் பெயரை மாற்றவே வேண்டாம். இருக்கட்டும். அந்தக் கடலில் பிழைக்காத ஒருவர் பெயரை, அந்தக் கடலில் பிழைப்பவர்களைக் கேட்காமல், தூரத்து மேஜையில் உட்கார்ந்து வைத்தார்கள் என்பதற்கு அதுவே நல்ல சாட்சி. பெயரை அழித்தால் சாட்சியும் போய்விடும், பழக்கம் மட்டும் மிஞ்சும்.

அதற்குப் பதில் செய்ய வேண்டியவை வேறு. பாடப்புத்தகத்தில் 'பாக்' யார் என்று இரண்டு வரி போடுங்கள். அதன் கீழே 1974ம் 1976ம் என்ன சொல்கின்றன என்று நாலு வரி. அடிமடி என்றால் என்ன என்று ஒரு படம். விசைப்படகைக் கைவிடுபவருக்கு வேறு படகுக்கும் வேறு தொழிலுக்கும் ஒழுங்காகப் பணம். இரண்டு கரை மீனவர்களும் உட்கார்ந்து பேச ஒரு மேஜை. அந்த மேஜை சென்னையிலும் வேண்டாம், டில்லியிலும் வேண்டாம். ராமேஸ்வரத்திலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சுக்குப் போகிறவர்கள், பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே அந்த வெள்ளை வளைவில் சாய்ந்து நிற்பார்கள். அது கார்ல் ஷ்மிட் என்ற டென்மார்க்காரருக்கான நினைவுச் சின்னம். 1930ல் அந்த அலையில் மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்றப் போய்த் தானே மூழ்கியவர். அவர் பெயரும் அங்கே நிற்கிற பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் ஒன்று, கடலில் இறங்கியவருக்கு வைத்த கல் அது. அங்கிருந்து தெற்கே முந்நூறு கிலோமீட்டர் போனால் கோடியக்கரை. அதைத் தாண்டினால் பாக் கடல். அந்தத் தண்ணீரில் இறங்கிச் செத்தவர்களுக்கு ஒரு கல்லும் இல்லை, வரைபடத்தில் ஒரு எழுத்தும் இல்லை.

அடுத்த முறை யாராவது "பாக் என்றால் பாகிஸ்தானா?" என்று கேட்டால் சிரிக்காதீர்கள். இல்லை, அது நம்மூர்க் கோட்டையில் இருந்த ஒருவர் என்று சொல்லுங்கள். முடிந்தால் மீதிக் கதையையும் சொல்லுங்கள்.